பிள்ளை குட்டி இல்லாமல் குடும்பக் கப்பலில் போகிறவர்களுக்கு

கப்பல் டிக்கெட் போடுவதற்கு முன்னால் ஒரு விஷயத்தைப் பேசி முடித்துவிடுங்கள்: பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது. திருவனந்தபுரத்தில் விமானம் ஏறி சிங்கப்பூர் போய், அங்கிருந்து கப்பலில் பினாங்கு, புக்கெட் என்று சுற்றிவிட்டு வரும் குடும்பங்கள் நம் நாகர்கோவில் பக்கத்திலும் உண்டு. அண்ணன் குடும்பம், தம்பி குடும்பம், வயதான மாமியார் என்று கூட்டமாகக் கிளம்பும்போது பிள்ளை இல்லாத தம்பதியோ கல்யாணம் ஆகாத சித்தியோ அதில் கட்டாயம் இருப்பார்கள். அவர்களைக் கேட்காமலே அவர்களுக்கு ஒரு வேலையும் ஒதுக்கியிருப்பார்கள். “மைனி, ஒரு மணிக்கூர்ல வந்திருவோம், பிள்ளையள பாத்துக்கிடுங்க” என்று கொழுந்தன் சொல்லிவிட்டுப் போனால், அந்த ஒரு மணிக்கூர் மதியச் சாப்பாடு தாண்டியும் முடியாது.

நான் தக்கலைப் பக்கம் தொடக்கப் பள்ளியில் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவள். எனக்குப் பிள்ளை கிடையாது. வேலைக்காலம் முழுக்கப் பிள்ளைகள் நடுவில்தான் இருந்தேன் என்பதால், அவர்களைப் பிடிக்காதவள் என்று என்னை யாரும் சொல்ல முடியாது. அந்தத் தைரியத்தில் சொல்கிறேன், லீவு என்றால் லீவுதான்.

முகம் கோணாமல் இதைச் சொல்ல ஒரு வழி இருக்கிறது. “பாத்துக்க மாட்டேன்” என்று ஆரம்பிக்காதீர்கள். “ஒரு சாயங்காலம் முழுக்க நான் பாத்துக்கிடுதேன், நீங்க ரெண்டு பேரும் தனியா போய்ச் சாப்பிடுங்க, எந்த நாள்னு இப்பமே சொல்லுங்க” என்று நீங்களே ஒரு நாளைக் கொடுத்துவிடுங்கள். ஒரு நாள் என்று வரையறுத்துவிட்டால் மற்ற நாள்களில் கேட்க அவர்களுக்கே கூச்சமாக இருக்கும். கூடவே கப்பலில் பிள்ளைகளுக்கென்று கிளப் இருப்பதையும் சொல்லிவிடுங்கள். பெரிய கப்பல்களில் 3 வயது நிரம்பி, டயப்பர் தேவைப்படாத பிள்ளை என்றால் பகலில் அங்கே விடலாம். அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. ராத்திரி வெகுநேரம் விட்டால்தான் மணிக்கணக்கில் காசு கேட்பார்கள், ராயல் கரீபியன் கப்பல்களில் அது 10 மணிக்கு மேல். இது தெரியாததால்தான் பாதிப் பெற்றோர் சொந்தக்காரர்களின் கையைப் பிடிக்கிறார்கள்.

எப்போது போவது

நம்மூர்ப் பள்ளிகளின் கோடை விடுமுறையை விட்டால் குடும்பத்தோடு போக வேறு நாள் கிடைக்காது என்பது தெரிந்ததுதான். அதிலும் ஒரு நல்ல இடைவெளி இருக்கிறது. சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்கு மே கடைசி வரை பள்ளிக்கூடம் உண்டு, அவர்களுடைய நீண்ட விடுமுறைகள் ஜூனிலும் நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் முடியவும் வரும். மே முதல் பாதியில் போனால் கப்பலில் நம் ஊர்ப் பிள்ளைகள் இருப்பார்கள், ஆனால் உள்ளூர்ப் பிள்ளைகள் பெரும்பாலும் இருக்க மாட்டார்கள். கூட்டத்தில் அது நன்றாகவே தெரியும். பிள்ளைகளோடு போகிற கட்டாயம் இல்லாதவர்கள் ஜனவரி, பிப்ரவரியைப் பாருங்கள்.

கொச்சி, மும்பை, சென்னையிலிருந்து ஓடும், கார்டேலியா என்ற நிறுவனத்தின் எம்ப்ரெஸ் கப்பலும் உண்டு. அது 1990இல் ஓடத் தொடங்கிய கப்பல், இன்றைய கணக்கில் சின்னது. சிங்கப்பூர்க் கப்பல்களில் இருப்பதுபோல பெரியவர்களுக்கென்று ஒதுக்கிய பகுதிகளை அதில் எதிர்பார்க்க வேண்டாம். அரபிக் கடல் பக்கம் போவதற்கு நம் மாவட்டத்துக்காரர்களுக்கு யாரும் காலண்டர் காட்ட வேண்டியதில்லை. குளச்சலிலும் முட்டத்திலும் விசைப்படகுகளுக்குத் தடை இருக்கிற ஜூன், ஜூலையைத் தவிர்த்துவிடுங்கள். தடை மீன் இனப்பெருக்கத்துக்காக என்றாலும், கடல் மோசமாக இருப்பதும் அந்த மாதங்களில்தான். மலாக்கா நீரிணை இருபுறமும் நிலம் சூழ்ந்தது, ஆட்டம் குறைவு. வாந்திக்குப் பயப்படும் ஆள் கூட இருந்தால் சிங்கப்பூரே மேல்.

தேதி போடும்போது பஞ்சாங்கத்தில் பௌர்ணமி எப்போது என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். சித்ரா பௌர்ணமிக்கு ஒரு பக்கம் சூரியன் இறங்க, மறுபக்கம் நிலா ஏறுவதைப் பார்க்கக் கன்னியாகுமரிக் கரையில் கால் வைக்க இடம் இருக்காது. நடுக்கடலில் வானம் தெளிவாக இருந்தால் எந்த மாதப் பௌர்ணமிக்கும் அதே காட்சி உண்டு, மேல்தளத்தில் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நடந்தால் போதும். அந்த நேரம் பிள்ளைகளோடு வந்தவர்கள் எல்லாம் சாப்பாட்டு மேசையில் இருப்பார்கள்.

அறை

சொந்தக்காரர்களின் அறைக்குப் பக்கத்து அறையை எடுக்காதீர்கள். அதே தளமும் வேண்டாம். “மாமியாருக்கு ஒரு கைத்தாங்கல் வேணுமே” என்பார்கள். மாமியாரை அவர்கள் பக்கத்தில் போட்டுவிட்டு, காலையில் நீங்கள் போய் அழைத்துவந்தால் போதும். நடுவில் கதவு வைத்து இரண்டு அறைகளைச் சேர்த்திருப்பார்கள், அந்த வகை அறை வேண்டாம் என்று கேட்டு வாங்குங்கள். அந்தக் கதவு வழியாகப் பக்கத்து அறைப் பிள்ளையின் அழுகை அப்படியே கேட்கும். நீச்சல் குளத்தளத்துக்கு நேர்கீழே இருக்கும் அறையும் வேண்டாம், விடிகிறதற்கு முன்பே தலைக்கு மேல் நாற்காலிகளை இழுக்கும் சத்தம். மேலும் கீழும் அறைகளாகவே இருக்கும் தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் கிடைத்தால் சத்தமும் குறைவு, ஆட்டமும் குறைவு.

பால்கனி உள்ள அறைக்குக் காசு கூடுதல். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு அது பயம், பூட்டியே வைத்திருப்பார்கள். உங்களுக்கு அது முழுசாகப் பயன்படும். கடையில் செலவழிக்க வைத்திருக்கும் பணத்தை இங்கே போடலாம் என்பது என் கட்சி. எங்கள் வீட்டுக்காரருக்கு இதில் உடன்பாடு இல்லை. தூங்குகிறதுக்கு எதற்கு ஜன்னல் என்பார்.

பெட்டியில் இஸ்திரிப்பெட்டி, கெட்டில், ரைஸ் குக்கர் வைக்காதீர்கள். தீ அபாயம் என்று ஏறும்போதே எடுத்து வைத்துக்கொள்வார்கள். முந்திரிக்கொத்து, நேந்திரங்காய் வத்தல் எல்லாம் கடையில் சீல் போட்ட பாக்கெட்டாக இருக்கட்டும். வீட்டில் செய்து தூக்குவாளியில் கொண்டுபோனால் அனுமதி கிடைக்காது.

கப்பலில் இரண்டு நேரம் ஓடுகிறது

குடும்பக் கப்பலில் பெரியவர்கள் நிம்மதியாக இருக்க இடத்தைத் தேடுவதை விட நேரத்தைத் தேடுவதுதான் சுலபம். பிள்ளைகளின் நாள் காலை 9 மணிக்கு நீச்சல் குளத்தில் தொடங்கி, மாலை 6 மணிச் சாப்பாட்டில் இறங்கி, முதல் காட்சியோடு முடியும். நீங்கள் அதற்கு நேர் எதிராக ஓடுங்கள்.

நம் உடம்பும் இதற்கு ஒத்துவரும். சிங்கப்பூர் நேரம் நம்மை விட இரண்டரை மணி முன்னால். ராத்திரிச் சாப்பாட்டுக்கு இரண்டு பந்தி வைக்கும் கப்பலில் இரண்டாம் பந்தியைக் கேட்டு வாங்குங்கள். அது 8 மணி வாக்கில் இருக்கும், நம் வயிற்றுக்கு அப்போது மாலை 5.30. வயிறு டீயும் ரசவடையும் கேட்கிற நேரம் என்றாலும், முதல் பந்தி 6 மணிக்கு உட்காருவதை விட எவ்வளவோ மேல். நள்ளிரவு என்று கப்பல் சொல்லும்போது வீட்டில் மணி 9.30தான். அதனால் கடைசிக் காட்சி, நடு ராத்திரிப் பாட்டுக் கச்சேரி, 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் என்று போடும் நகைச்சுவை நிகழ்ச்சி எதுவும் உங்களுக்குத் தூக்கம் வராத நேரத்திலேயே நடக்கும். அரங்கத்தில் முதல் காட்சிக்குப் போகாதீர்கள், இரண்டாம் காட்சியில் இருக்கை கொட்டிக் கிடக்கும்.

காலையும் அப்படித்தான். சிங்கப்பூர்ப் பக்கம் சூரியன் 7 மணி வாக்கில்தான் உதிக்கும், நம் கணக்கில் அது 4.30. சாணம் தெளித்துக் கோலம் போட்டே பழகிய கைக்கு அந்த நேரத்தில் விழிப்பு தானாக வரும். 7லிருந்து 9 வரை குளம், வெந்நீர்த் தொட்டி, நடைபாதை எல்லாம் உங்களுடையவை. வெளிநாட்டு வயசாளிகள் சிலர் வேகமாக நடந்துகொண்டிருப்பார்கள், ஒரு தலையசைப்போடு சரி. குளத்தில் இறங்குவதானால் நைலான் நீச்சல் உடை கட்டாயம், நைட்டி, சேலை செல்லாது. முழங்கால் வரை வரும் நீச்சல் உடை நாகர்கோவிலிலேயே கிடைக்கிறது, யாருக்கும் கூச்சம் வேண்டாம்.

வயது பார்த்து உள்ளே விடும் இடங்கள்

ராயல் கரீபியன் கப்பல்களில் சொலேரியம் என்று ஒரு பகுதி, 16 வயது ஆனவர்களுக்கு மட்டும். சிங்கப்பூருக்கு வரும் அவர்களுடைய பெரிய கப்பல்களில் அது கண்ணாடிக் கூரை போட்டு, படிப்படியாக இறங்கும் குளங்களோடு கப்பலின் முன்பக்கம் இருக்கும். தனிக் கட்டணம் இல்லை. கார்னிவல் கப்பல்களில் செரினிட்டி, அங்கே 21 வயது. டிஸ்னி என்றால் பிள்ளைகள் உலகம் என்று நினைப்போம், ஆனால் அவர்கள் கப்பல்களிலும் பெரியவர்களுக்கு மட்டுமான குளமும் 18 வயதுக்கு மேல்தான் என்று சொல்லும் உணவகமும் உண்டு. உணவகத்துக்குக் கூடுதல் காசு, முன்பதிவும் வேண்டும்.

ஸ்பா விலை கையைக் கடிக்கும். கப்பல் துறைமுகத்தில் நிற்கும் நாள்களில் எல்லோரும் இறங்கிவிடுவதால் சலுகை விலை போடுவார்கள், அப்போது கேளுங்கள். சூதாட்டக் கூடம் கப்பல் கரையிலிருந்து விலகிச் சர்வதேசக் கடலுக்குள் போன பிறகுதான் திறக்கும். வேடிக்கை பார்க்கக் காசு கேட்பதில்லை, அதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. மதுப் பேக்கேஜ் வாங்கும்போது ஒரே அறையில் இருக்கும் பெரியவர்கள் எல்லோரும் வாங்க வேண்டும் என்ற விதி பல கப்பல்களில் உண்டு. ஒருவர் குடிப்பார், ஒருவர் குடிக்க மாட்டார் என்றால் அது வீண் செலவு. டீ, காபி, தண்ணீர் பஃபேயில் எப்போதும் இருக்கும்.

கப்பல் வேலை செய்வதைப் பாருங்கள்

அட்டவணையில் போட்டிருக்கும் வினாடி வினா, நடன வகுப்பு, துண்டில் யானை மடிப்பது எல்லாம் பரவாயில்லை, பொழுது போகும். எனக்கு அவற்றை விடப் பிடித்தது துறைமுகத்துக்குள் நுழையும் நேரம். கடலோரத்தில் பிறந்த யாருக்கும் இது பிடிக்கும், ஆனால் அட்டவணையில் இருக்காது. பிள்ளைகளை எழுப்பிக் கிளப்பும் அவசரத்தில் பெற்றோர்களும் பார்ப்பதில்லை.

துறைமுகம் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே தாழ்வான வெளித்தளத்துக்குப் போய்விடுங்கள். கப்பல் வேகத்தைக் குறைக்கும், நிற்காது. கரைப் பக்கமிருந்து சின்னப் படகு ஒன்று பாய்ந்து வந்து கப்பலின் வயிற்றோடு ஒட்டி, அதே வேகத்தில் கூடவே ஓடும். கப்பலின் பக்கச் சுவரில் ஒரு சின்னக் கதவு திறக்கும், கயிற்று ஏணி தொங்கும். படகின் முனையில் பைலட் நின்றுகொண்டிருப்பார். அந்தத் துறைமுகத்தின் ஆழமும் நீரோட்டமும் தெரிந்த ஆள், கேப்டனுக்கு வழி சொல்ல வருகிறவர். அலை படகை மேலே தூக்குகிற நொடியில் ஏணியைப் பிடித்துக் கால் வைப்பார், படகு கீழே இறங்கும்போது அவர் ஏணியில் இருப்பார். தாமதித்து, படகு இறங்கும்போது கால் வைத்தால், அடுத்த அலையில் மேலே வரும் படகு காலில் இடிக்கும். சின்னமுட்டத்தில் அலை எழும்பும்போது படகுக்குத் தாவி ஏறுகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கணக்கு உடனே புரியும்.

அப்புறம் பின்பக்கம் போங்கள். கரையில் கட்டுவதற்கு முதலில் பெரிய வடத்தை வீச மாட்டார்கள், வீசவும் முடியாது. நுனியில் கனமான முடிச்சுப் போட்ட மெல்லிய கயிற்றைச் சுழற்றி எறிவார்கள். கரையில் இருப்பவர் அதைப் பிடித்து இழுக்க, அதன் வாலில் கட்டிய பருமனான வடம் தண்ணீரில் விழுந்து, சொட்டச் சொட்ட மேலேறும். அதன் கண்ணி இரும்புத் தூணில் விழுந்ததும் கப்பலில் இருக்கும் சக்கரம் மெல்ல இறுக்கும். இவ்வளவு பெரிய கப்பலைக் கடைசியில் ஒட்டவைப்பது இதுதான்.

ஊர்க்காரர்கள் யாராவது வேலை செய்கிறார்களா என்று பார்க்கும் ஆசை நமக்கு உண்டு. நம் கடற்கரைக் கிராமங்களிலிருந்து கப்பல் வேலைக்குப் போனவர்கள் ஏராளம். சட்டையில் பெயரும் நாடும் எழுதியிருக்கும். பேசுங்கள், ஆனால் சாப்பாட்டு நேரத்தில் அவர்களை நிறுத்திவைக்காதீர்கள். சமையலறை, இயக்குமேடை போன்ற உள்பகுதிகளைச் சுற்றிக்காட்டும் பயணம் சில கப்பல்களில் காசுக்கு உண்டு. இதில் சின்னப் பிள்ளைகளைச் சேர்ப்பதில்லை, அதனால் அதுவும் நமக்கே.

கரை இறங்கும் நாள்

ஒரு துறைமுகத்தில் இறங்காமல் கப்பலிலேயே இருங்கள். ஆயிரக்கணக்கானவர்கள் இறங்கிப்போன கப்பல் வேறு கப்பல். எந்தத் துறைமுகத்தை விடுவது என்றால், கப்பல் கடலில் நின்று சின்னப் படகில் ஆள்களைக் கரைக்குக் கொண்டுபோகும் இடத்தை விடலாம். விடுமுறை நாளில் விவேகானந்தர் பாறைக்குப் படகுக்கு நிற்கும் வரிசை எப்படியோ அப்படித்தான் அதுவும் இருக்கும்.

பினாங்கை விடாதீர்கள். ஸ்வெட்டன்ஹாம் துறையில் கப்பல் கரையோடு ஒட்டி நிற்கும், இறங்கினால் ஜார்ஜ்டவுன். 2008இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ஊர். குடும்பம் பஸ் பிடித்து பூங்காவுக்கும் மலை ரயிலுக்கும் போகட்டும், நீங்கள் நடந்தே போகலாம். குயின் ஸ்ட்ரீட்டில் 1833இல் எழும்பிய மகா மாரியம்மன் கோயில், பக்கத்தில் லிட்டில் இந்தியா, இன்னும் கொஞ்சம் தள்ளித் தமிழ் முஸ்லிம்களின் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். நடக்கத் தெம்பு இருந்தால் கடற்கரையோரமாகச் சீனர்களின் மரத்துறைக் குடியிருப்புகள், தண்ணீருக்கு மேல் கால் ஊன்றிய வீடுகள். மதியம் நாசி கண்டார். சோற்றில் நாலைந்து குழம்பைக் கலந்து ஊற்றுவார்கள், மீன் குழம்பு ஏக்கம் அங்கே தீரும்.

கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு போங்கள். புக்கெட்டில் உள்ளூர் நேரம் சிங்கப்பூரை விட ஒரு மணி பின்னால், போன் தானாக மாறிவிடும். கப்பல் தன் நேரத்துக்குத்தான் கிளம்பும்.

“பிள்ளைங்க வரலியா?”

கேட்பார்கள். பொது மேசையில் உட்கார்ந்தால் சூப் வருவதற்குள் கேட்பார்கள், அதுவும் நம் ஆள்கள்தான். இருவர் மட்டும் உட்காரும் மேசை வேண்டும் என்று முதல் நாளே உணவக மேலாளரிடம் சொல்லிவிட்டால் பாதி தீரும். மீதிக்கு, “இல்ல, நாங்க ரெண்டு பேருதான்” என்று சொல்லிக் கையோடு ஒரு கேள்வியை அந்தப் பக்கம் தள்ளுங்கள்: “நேத்து ராத்திரி ஷோ பாத்தீங்களா?” விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் மருத்துவர் பெயர், கோயில் பெயர் எல்லாம் வரும், சாப்பாடு ஆறிவிடும். சில பேர் நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். அவர்களோடு பேசுவதும் நம் இஷ்டம்.

அதே மேலாளரிடம் இந்தியச் சாப்பாடும் கேளுங்கள். சிங்கப்பூர்க் கப்பல்களில் முந்தைய நாளே சொன்னால் செய்து தருவார்கள். மரச்சீனிக் கிழங்கும் நெத்திலி அவியலும் கிடைக்காது. பருப்பும் சப்பாத்தியும் கிடைக்கும்.

இறங்கும் நாள்

கடைசி ராத்திரி பெட்டிகளை அறை வாசலில் வைக்கச் சொல்வார்கள். குடும்பங்களுக்கு அது வசதி. நீங்கள் இரண்டு பேர், இரண்டு பெட்டி என்றால் நீங்களே தூக்கிக்கொண்டு இறங்குவதாகப் பதிந்துகொள்ளுங்கள், முதலில் வெளியே விடுவார்கள். இல்லையென்றால் எதிர்ப்பக்கமாக யோசித்து, பஃபேக் கூட்டத்தை விட்டுவிட்டு, உட்கார வைத்துப் பரிமாறும் உணவகத்தில் நிதானமாகக் காலைச் சாப்பாடு சாப்பிட்டுக் கடைசியில் இறங்குங்கள். போகும்போது கப்பலேறும் அன்றைக்கே சிங்கப்பூரில் இறங்கும் விமானத்தைப் போடாதீர்கள், ஒரு நாள் முந்திப் போய்விடுங்கள். சிங்கப்பூரை விட்டுக் கிளம்பித் திரும்ப அங்கேயே வருவதால் பலமுறை நுழைய முடிகிற விசாவா என்பதையும் முன்பே பாருங்கள். திரும்பும் விமானம் மாலைக்கு மேல் இருக்கட்டும். திருவனந்தபுரத்தில் நடு ராத்திரி இறங்கினாலும் நல்லதுதான், நெய்யாற்றின்கரையிலும் களியக்காவிளையிலும் நெரிசல் இருக்காது.